காற்று அடங்காமல் வரும் அமைதி

சாயல்குடிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் போனால் கடல். மூக்கையூர், நரிப்பையூர், ரோச்மா நகர், கன்னிராஜபுரம் என்று கரை மேற்கே நீண்டு, இராமநாதபுரம் மாவட்ட எல்லை தாண்டியதும் வேம்பாரைத் தொடுகிறது. வடக்கே திரும்பினால் பனையும் சீமைக் கருவேலும் வானம் பார்த்த மிளகாய்க் கொல்லையும்தான். கடலில் காற்று புரண்டால் ஒரு துயரம், கரையில் மழை தவறினால் இன்னொரு துயரம், இரண்டுக்கும் நடுவில் வட்டிக் கடன். இப்படிப்பட்ட ஊர்களின் சுவர்களில் உபவாசக் கூட்டங்களுக்கும் குணமளிக்கும் பெருவிழாக்களுக்குமான சுவரொட்டிகள் குறைவதே இல்லை. கடன் தீரும், நோய் போகும், சமாதானம் பெருகும் என்று அவை வாக்குக் கொடுக்கின்றன. செபம் சொல்லிவிட்டுப் போன படகும்தானே கவிழ்கிறது என்று பகுத்தறிவு பேசுகிறவர் திருப்பிக் கேட்கிறார். இந்த இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது என்று தோன்றும். ஆனால், தொல்லை விலகினால்தான் அமைதி என்பதில் இருவரும் ஒரே கட்சி. இந்தக் கரையில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக ஊறிவந்த கிறிஸ்தவ மரபோ வேறொன்றைச் சொல்கிறது. தொல்லை இருந்த இடத்திலேயே இருக்கும்போது ஒருவர் தனித்துவிடப்படாதிருப்பதும், பயத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்கு எழுந்து போக முடிவதும்தான் அந்த மரபு பேசுகிற இறை அமைதி. மற்றதெல்லாம் கிடைத்தால் நல்லது; ஆனால் அதற்கு உத்தரவாதம் கிடையாது.

உத்தரவாதம் கிடையாது என்பது நாத்திகர் கண்டுபிடித்த உண்மை அல்ல, விவிலியத்திலேயே இருக்கிறது. மூக்கையூர் கோயில் யாகப்பர் பெயரால் விளங்குவது. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான அவரும் வலை இழுத்த மீனவர்தான். அப்போஸ்தலர் பணி நூலின் 12ஆம் அதிகாரத்தைத் திறந்தால், ஏரோது அரசன் அவரை வாளால் கொன்றுபோட்ட செய்தி ஒரே வரியில் வந்து முடிந்துவிடுகிறது. அதே அதிகாரத்தில் பேதுருவும் சிறைப்படுகிறார். சபை ஒன்றுகூடி செபிக்கிறது, நள்ளிரவில் வானதூதர் வந்து சங்கிலியை அவிழ்க்கிறார், பேதுரு தப்பி வந்து கதவைத் தட்டுகிறார். உள்ளே செபித்துக்கொண்டிருந்தவர்களே அதை நம்பவில்லை. வந்து சொன்ன வேலைக்காரப் பெண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்கிறார்கள். ஒருவர் தப்பினார், ஒருவர் வெட்டுண்டார். ஏன் இப்படி என்று நூலாசிரியர் ஒரு காரணமும் சொல்லவில்லை. யாகப்பருக்கு விசுவாசம் போதவில்லை என்று ஜாடையாகக்கூடச் சொல்லவில்லை. ஒரே இரவில் போன இரண்டு படகுகளில் ஒன்று மட்டும் திரும்பி வரும் ஊருக்கு, காரணம் சொல்லாத இந்த நேர்மை பெரிய ஆறுதல். கரை திரும்பாதவரின் மனைவியிடம் போய், உன் செபம் பற்றவில்லை என்று சொல்ல விவிலியத்தில் யாருக்கும் இடமில்லை.

கலிலேயக் கடலில் காற்றை அடக்கிய கதையை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். மாற்கு எழுதிய நற்செய்தியில் அதன் வரிசையைக் கவனிக்க வேண்டும். இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்பிப் பேசுவது பணிவான செபமே அல்ல. நாங்கள் சாகப்போகிறோம், உமக்கு அக்கறையே இல்லையா என்கிற கோபம் அது. அவர் முதலில் காற்றை அடக்குகிறார், நம்பிக்கையைப் பற்றிய கேள்வியைப் பிறகுதான் கேட்கிறார். விசுவாசத்தை நிறுத்துப் பார்த்துவிட்டு உதவி செய்யவில்லை. அங்கே காற்று அடங்கியது, சரி. பவுலை ரோமாபுரிக்கு ஏற்றிப்போன கப்பலில் அது அடங்கவில்லை. பதினான்கு நாள் புயல், கப்பலில் 276 பேர். மாலுமிகள் நங்கூரம் போடுவதுபோலப் பாசாங்கு செய்து சிறுபடகில் நழுவப் பார்க்கிறார்கள். பவுல் அதைக் காட்டிக்கொடுக்கிறார், பிறகு எல்லாரையும் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்கிறார். கப்பல் உடைந்தது. நீந்தியும் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் எல்லாரும் கரையேறினார்கள். நெருக்கடியில் பதற்றமில்லாத ஒருவர் எதைச் செய்வார் என்பதற்கு இதைவிடத் தெளிவான வர்ணனை கிடைப்பது அரிது: கண்ணை மூடிக்கொண்டிருக்க மாட்டார், ஓடப் பார்க்கிறவரைத் தடுப்பார், பட்டினி கிடப்பவர்களுக்குச் சோறு போடுவார்.

சரி, இதெல்லாம் ஏட்டில் உள்ளது. முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரையில் கிறிஸ்தவம் வந்த விதம் வேறல்லவா என்று வரலாறு தெரிந்தவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. 1530களில் முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த சண்டையில் பரதவர் நெருக்கப்பட்டார்கள். அவர்களுடைய தூதுக்குழு கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டது. அதைத் தொடர்ந்து இரண்டொரு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தபோது, அவர்களில் பலருக்கு செபங்கள்கூடத் தெரியாது. ஆகவே தொடக்கத்தில் அவர்கள் தேடியது பாதுகாப்பைத்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரலாற்றில் 1658ஆம் ஆண்டும் உண்டு. அந்த ஆண்டு டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், போர்ச்சுகீசியப் பாதுகாப்பு போயிற்று. கோயில்கள் கைமாறின, குருக்கள் விரட்டப்பட்டார்கள். பிலிப்புஸ் பால்டேயுஸ் என்ற டச்சுப் போதகர் இவர்களைச் சீர்திருத்த சபைக்கு இழுக்க முயன்று தோற்றுப்போனார். பாதுகாப்புக்காக மட்டுமே மதம் மாறியிருந்தால், பாதுகாப்பவன் மாறியதும் மீண்டும் மாறியிருக்க வேண்டும். புதிய ஆட்சியாளரோடு போவதில்தான் லாபம் இருந்தது, அவர்கள் போகவில்லை. தொல்லையிலிருந்து தப்பிக்கக் கைக்கொண்ட நம்பிக்கை, ஒரு நூற்றாண்டு சற்றுக் கடப்பதற்குள் தொல்லையைத் தாங்கும் நம்பிக்கையாகிவிட்டிருந்தது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று தேட வேண்டியதில்லை.

தனிமனிதரில் அதைப் பார்க்க, மாவட்டத்தின் வடகோடியில் திருவாடானைப் பக்கம் உள்ள ஓரியூருக்குப் போக வேண்டும். லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, மதுரை மறைத்தளத்தில் காவி உடுத்தி, புலால் நீக்கி, அருளானந்தராக வாழ்ந்தவர். 1686இல் பிடிபட்டு வதைபட்டார். இனி மறவர் நாட்டில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். அடுத்துப் போர்ச்சுகல் போனபோது, இளமையில் தோழராக இருந்த அரசர் இரண்டாம் பேதுரு அங்கேயே இருக்கும்படி கேட்டும் திரும்பி வந்தார். 1693 சனவரியில் மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரே மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியபோது, விலக்கப்பட்டவர்களில் மறவர் நாட்டு அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண்ணும் இருந்தார். (அந்தப் பெண்ணின் கோபத்தில் நியாயமே இல்லை என்று புனிதர் வரலாறுகள் எழுதுவதுபோல நான் எழுத மாட்டேன், விரட்டப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு கதை.) அரசர் முன் வழக்குப் போயிற்று, அருளானந்தர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே சிறையில் பிப்ரவரி 3ஆம் தேதி கடிதம் எழுத உட்கார்ந்தவருக்கு மையும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கரியைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து, ஒரு துரும்பை அதில் தோய்த்து எழுதினார். சாவை ஆவலோடு எதிர்பார்த்திருப்பதாக அந்தக் கடிதத்தில் சொல்கிறார். மறுநாள் சாம்பல் புதன். அன்று அவர் தலை வெட்டப்பட்டது. 1947இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. ஓரியூரின் செம்மண்ணை இன்றும் எல்லா மதத்தாரும் முடிந்து எடுத்துப் போகிறார்கள்.

புனிதர்களை விடுங்கள், வீட்டுக்காரர் கடலில் காணாமற்போன சாதாரணப் பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது? கட்டுரையின் உயிர்நிலையே இந்தக் கேள்விதான். கடலில் போனவரின் உடல் கிடைக்காவிட்டால், சட்டப்படி இறந்தவராகக் கருதப்பட ஏழாண்டுகள் ஆக வேண்டும். 1872இன் சாட்சியச் சட்டம் வைத்த அந்தக் கணக்கை 2023இன் புதிய சட்டமும் மாற்றவில்லை. நிவாரணத்துக்கு அரசு தனி ஆணை போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தப் பெண் கைம்பெண்ணும் இல்லை, சுமங்கலியும் இல்லை. தாசில்தார் அலுவலகத்தில் அவள் யாரென்று எழுத ஒரு சொல் இல்லாத காலத்தில், கோயிலில் அவள் கணவர் பெயரைச் சொல்லிப் பூசை வைக்க முடியும். வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடிச் செபமாலை சொல்வார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது, கல்லறை இல்லாதவருக்கும் ஒரு திரி எரியும். துக்கத்துக்கு ஒரு தேதி, ஓர் இடம், கூட அழ நாலு பேர் என்பது சின்ன விஷயம் இல்லை. செபமாலையில் ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கேலி செய்பவர்கள் உண்டு. சொந்தமாகச் சொல்ல வார்த்தையே வராத நாளில், எல்லாருக்கும் மனப்பாடமான சொற்கள் தொட்டில் ஆட்டத்தைப்போல ஒருவரைத் தாங்கிக்கொள்ளும். திருப்பாடல்களில் புலம்பல் பாட்டுகள் ஏராளம்; 88ஆம் பாடல் ஓர் ஆறுதல் வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதைத் திருநூலில் சேர்த்தவர்கள், ஆறுதல் வராத மனத்துக்கும் கோயிலில் இடம் உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள்.

இங்கே உளவியல் ஆய்வு ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் கென்னத் பார்கமென்ட் குழுவினர், மருத்துவமனையில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளைச் சுமார் இரண்டாண்டு பின்தொடர்ந்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், அவருக்கு என்மேல் அன்பில்லை, இது பிசாசின் வேலை என்று நினைத்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது; உடல்நிலை முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். ஆக, நம்பிக்கை இருந்தாலே போதும், உடம்புக்கு நல்லது என்று பொதுப்படையாகச் சொல்ல முடியாது; எப்படிப்பட்ட நம்பிக்கை என்று கேட்க வேண்டும். அப்படியானால் புலம்பல் பாட்டு ஆபத்தல்லவா? அதே குழுவின் பிந்தைய ஆய்வு அதற்கும் விடை தருகிறது. இறைவனோடான மல்லுக்கட்டில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சிக்கிக்கொண்டவர்களைத்தான் அது அதிகம் பாதித்தது. வந்து கடந்துபோன போராட்டம் அவ்வளவாகப் பாதிக்கவில்லை. மல்லுக்கட்டை ஊர் நடுவே பாட்டாகப் பாடவைத்து, கூட இருந்து கடக்கச் செய்கிற மரபு ஒன்று. உன் கஷ்டத்துக்குக் காரணம் உன் பாவம், உன் வீட்டுக்குள் இருக்கும் ஆவி என்று மேடையில் அறைந்து அனுப்புகிற வழக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் கையில் ஒரே வேதப்புத்தகம்தான். கேட்பவரின் உடம்பில் இரண்டும் செய்வது ஒன்றல்ல.

நம்பிக்கை சிகிச்சையின் இடத்தில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாயல்குடிக்காரருக்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் வெந்து செத்தார்கள். அங்குள்ள தர்காவின் அருளை நாடி எல்லா மதத்துக் குடும்பங்களும் கொண்டுவந்து விட்டவர்கள் அங்கே இருந்தார்கள். இதை ஒரு மதத்தின் கணக்கில் எழுதிவிட்டுக் கிறிஸ்தவர் நழுவ முடியாது. தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலிலும் மனநோயாளிகளைக் கொண்டுவந்து தங்கவைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஏர்வாடியிலேயே அரசு மனநல மருத்துவர்கள் தர்கா வளாகத்தை ஒட்டிச் சிகிச்சை தரும் 'தவா-துவா' திட்டம், அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்கிற ஏற்பாடு, பிறகு வந்தது. எனக்கு இது சமரசமாகத் தெரியவில்லை, சரியான வரிசையாகத் தெரிகிறது. தூக்கம் போய், சாப்பாடு போய், செத்துவிடலாம் என்று நினைக்கிறவருக்கு முதலில் வேண்டியது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. செபம் பேருந்தில் கூடவே போகட்டும்.

மதம் மக்களுக்கு அபின் என்று 1844இல் அச்சேறிய கட்டுரையில் மார்க்ஸ் எழுதினார். அமைதி, அமைதி என்று சொல்லி மீனவனை அடங்கிக் கிடக்கவைப்பதுதானே இதன் வேலை என்பது அந்த வழியில் வரும் ஆட்சேபம். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் தென்கரையின் அண்மை வரலாறு எதிர்த்திசையில் நிறையச் சொல்கிறது. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக 2011இல் தொடங்கிய உண்ணாநிலைப் போராட்டத்தின் பந்தல், இடிந்தகரை லூர்து மாதா கோயிலின் முன்னால்தான் நின்றது. அங்கே செபமும் முழக்கமும் ஒரே பந்தலில் நடந்தன. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்து, குமரிக் கடற்கரை மீனவர்கள் நூற்றுக்கணக்கில் காணாமற்போன ஒரு வாரத்தில், தேடுதலை விரைவுபடுத்தக் கோரி மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பங்குச் சாமியார்கள் அவர்களோடு இருந்தார்கள். அணு உலை நின்றுவிடவில்லை, 2013இல் மின்சாரம் தரத் தொடங்கியது. ஒக்கியில் போன பலர் திரும்பவே இல்லை. ஆனால் பயந்து ஒடுங்கிய கூட்டம் செய்கிற காரியங்களா இவை? உள்ளுக்குள் ஓர் உறுதி இருந்தால்தான் அதிகாரிக்கு முன்னால் நாள்கணக்கில் கைகலப்பு இல்லாமல் உட்கார முடியும். மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் போகிறவர்களுக்கு இந்த உறுதி கிடைக்காதா என்றால், கிடைக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அது கிறிஸ்தவத்தைக் குறைத்துவிடாது; அடுத்த வீட்டில் விளக்கு எரிவதால் யார் வீடும் இருண்டதில்லை.

எனக்கு விடை எளிதாகக் கிடைக்காத இடம் கச்சத்தீவு. நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி கட்டிய அந்தோணியார் கோயில் அங்கே இருக்கிறது. 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனாலும், இந்தியப் பக்தர்கள் பயண ஆவணமில்லாமல் திருவிழாவுக்கு வரலாம் என்று எழுதப்பட்டது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இரண்டு நாள் விழா. சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி. திருப்பலியில் நற்கருணைக்கு முன்னால் குருவானவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்வார், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்ப வேண்டும். கச்சத்தீவில் பக்கத்தில் நிற்பவர் யார்? இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் நினைத்தபடி கடலுக்குப் போக முடியாமல் கிடந்து, 2009க்குப் பிறகு வலையை எடுத்த யாழ்ப்பாண, மன்னார் மீனவர். இராமேசுவரத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் இறங்குகின்றன. இழுவைமடியில் சிக்கினால் வலை நார்நாராகிவிடும் என்று அந்த நாள்களில் அவர் வலை விரிக்கவே தயங்குகிறார். இந்தப் பக்கத்தில் நிற்பவருக்கும் துயரம் உண்டு: 2024இல் மட்டும் இலங்கைக் கடற்படை 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களைப் பிடித்தது, படகுகள் அங்கேயே மக்கின. அந்த ஆண்டு பிப்ரவரியில் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். கோபத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால், மலைப்பொழிவு என்று அழைக்கப்படும் பகுதியில் இயேசு சொல்வது வேறு. உன்மேல் மனத்தாங்கல் உள்ள சகோதரன் நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். அவர் சொல்வது, நமக்கு யார்மேல் குறை என்று எண்ணிப்பார்க்க அல்ல, நம்மேல் யாருக்குக் குறை என்று எண்ணிப்பார்க்க.

2025 மார்ச்சில் படகுகள் மறுபடியும் கச்சத்தீவுக்குப் போயின, கைகூப்பலும் நடந்திருக்கும். ஒப்புரவின் மறுபாதி திருப்பலியில் இல்லை, மடியில் இருக்கிறது. அடியோடு அரித்துச் செல்லும் இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. இரு நாட்டு மீனவர்களும் 2014 சனவரியில் சென்னையிலும் மே மாதத்தில் கொழும்பிலும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். இழுவைமடியைப் படிப்படியாகக் கைவிட நம் தரப்பு அப்போது மூன்றாண்டு அவகாசம் கேட்டது. அந்த மூன்றாண்டு 2017இலேயே முடிந்துபோயிற்று.